கஞ்சாவும் வாலிபரின் சித்தமும்

நூல் விலை, சாயம், உரம், கடன் தவணை ஆகியவற்றைப் பற்றியே இப்பக்கங்களில் நாம் வழக்கமாகப் பேசி வருகிறோம். இம்மாதம் மனித மூளையைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டதைக் கண்டு அங்கத்தினர்களில் சிலர் வியப்படையக்கூடும். தறியானாலும் தோட்டமானாலும் நமது தொழில் குடும்பத் தொழிலாகும். பாவு விரிப்பதற்கும், தார் சுற்றுவதற்கும், நாற்று நடுவதற்கும், களை எடுப்பதற்கும் வீட்டிலுள்ள எல்லோருடைய கையும் வேண்டியிருக்கிறது. பதினெட்டு, இருபது வயதில் தறியில் அமரவேண்டிய பிள்ளைக்குச் சித்தம் கலங்கிவிட்டால், அவனுடைய வேலை மட்டும் நிற்பதில்லை. அவனை இரவும் பகலும் கண்காணிக்க வேண்டிய தாயின் வேலையும் உடன் நின்றுவிடுகிறது. வாங்கிய நூல் தறியேறாமல் கிடக்கிறது, தவணை தவறுகிறது. சித்தம் கலங்கும் நோய் முதன்முதலாகத் தலைகாட்டுவது பெரும்பாலும் இந்த வயதில்தான். கஞ்சாப் பழக்கம் தொற்றிக்கொள்வதும் இந்த வயதில்தான். ஆகவே இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு என்ன என்பதை அறிந்துகொள்வது நமக்குப் புறம்பான விஷயமன்று.

“கஞ்சா பிடித்தால் பைத்தியம் பிடிக்குமா?” என்ற கேள்விக்கு ஊர்களில் இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. கட்டாயம் பிடிக்கும், ஒரு முறை தொட்டாலே போதும் என்பது ஒன்று. சாமியார்கள் காலங்காலமாகப் புகைத்து வருகிறார்கள், அவர்களுக்கு என்ன ஆகிவிட்டது, அது வெறும் மூலிகைதானே என்பது மற்றொன்று. முதல் விடையை வாலிபர்கள் நம்புவதில்லை. ஏனெனில் புகைத்துவிட்டு மறுநாள் வேலைக்குச் செல்லும் நண்பர்களை அவர்கள் கண்ணாற் காண்கிறார்கள். நம்பாதவர்கள் உடனே இரண்டாவது விடைக்குத் தாவிவிடுகிறார்கள். உண்மை இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் சரி பாதியில் இல்லை என்பதைக் கீழே வரும் கணக்குகள் காட்டும்.

முதலில் செடியைப் பற்றிச் சில வார்த்தைகள். கஞ்சாச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. போதை தரும் பிசின் மிகுந்திருப்பது பெண் செடியின் பூங்கொத்துகளில்தான். இலையை அரைத்துச் செய்வது பாங்கு. பூங்கொத்தை உலர்த்தினால் கஞ்சா. பிசினை மட்டும் பிரித்தெடுத்தால் சரஸ். மூன்றிலும் செயலாற்றும் பொருள் ஒன்றே. வீரியம் மட்டும் வரிசையாக ஏறிக்கொண்டு போகிறது. இங்கே நமது விவசாய அங்கத்தினர்களுக்கு ஒரு குறிப்பு: பசுந்தாள் உரத்துக்காக நாம் விதைக்கும் சணப்பு, நாரெடுக்கும் பயிர் என்ற ஒற்றுமையைத் தவிர, இச்செடிக்கு எவ்வகையிலும் உறவினதன்று. சணப்பு பயறு வகையைச் சேர்ந்தது. அதில் போதை எதுவும் இல்லை. கஞ்சாச் செடியிலும் நாருக்கென்றே பயிராகும் வகைகள் உண்டு. இமயமலைச் சரிவுகளில் அந்நாரைக் கொண்டு கயிறும் துணியும் செய்கிறார்கள். போதைக்கென வளர்க்கப்படும் வகைகளின் வீரியம் அந்த நார் வகைகளில் கிடையாது.

அடுத்து நோயைப் பற்றி. சித்தப்பிரமை என்று நாம் இங்கே குறிப்பிடுவது, உள்ளது இது, இல்லாதது இது என்று பிரித்தறியும் சக்தியை மனம் இழந்துவிடும் நிலையை. யாரும் பேசாதபோது குரல் கேட்கும். அண்டை வீட்டார் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற எண்ணம் அசைக்க முடியாத நம்பிக்கையாக வேரூன்றும். பேச்சு தொடர்பற்றுப் போகும். இந்நிலை சில மணி நேரமோ சில நாட்களோ இருந்து மறைந்துவிடுவதும் உண்டு. மாதக்கணக்கில் நீடித்து, திரும்பத் திரும்ப வந்து, மனிதனின் ஊக்கத்தையும் உறவுகளையும் சேர்த்துக் குலைப்பதும் உண்டு. இந்த நீடித்த வகையின் தலையாயதை டாக்டர்கள் மனச்சிதைவு நோய் என்று அழைக்கிறார்கள். உலகில் எந்த நாட்டிலும் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக, வாழ்நாளில் இந்நோய் வருகிறது. கஞ்சாவையே அறியாத குடும்பங்களிலும் வருகிறது.

கஞ்சாவுக்கும் சித்தப்பிரமைக்கும் தொடர்பு உண்டா என்பதை முதன்முதலில் பெரிய அளவில் ஆராய்ந்தது நமது நாட்டில்தான் என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எழுந்த ஒரு கேள்வியின் பேரில் 1893-ல் இந்திய சர்க்கார் ஒரு கமிஷனை நியமித்தது. கமிஷன் மாகாணந்தோறும் சுற்றி 1,193 பேரிடம் சாட்சியம் பெற்று, 1894-ல் பல தொகுதிகளாக அறிக்கை சமர்ப்பித்தது. அக்காலத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகள், நோயாளிகளில் கணிசமான பகுதியினர் கஞ்சாவினால் நோயுற்றவர்கள் என்று கூறி வந்தன. கமிஷன் அந்தப் பதிவேடுகளை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. 1892-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 1,344 பேரில் கஞ்சா முதலியவற்றால் நோயுற்றதாக எழுதப்பட்டிருந்த 222 பேரின் வரலாற்றைத் தனித்தனியாக மீண்டும் விசாரித்தது. விசாரணை முடிவில் 98 பேரைத்தான் அவ்வாறு கூற இடமிருந்தது. அவர்களிலும் 37 பேருக்கு வேறு காரணங்களும் கலந்திருந்தன.

மற்றவர்கள் எப்படிப் பதிவேட்டில் ஏறினார்கள்? நோயாளியை அனுப்பும் போலீசார் ‘காரணம்’ என்ற பத்தியை நிரப்பியாக வேண்டும். ஆள் கஞ்சா குடிப்பவன் என்று யாரேனும் சொன்னால் அதையே எழுதிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்து எழுதுவார்கள். ஆண்டு அறிக்கையில் அது புள்ளிவிவரமாகிவிடும். கணக்குத் தணிக்கையில் பழக்கமுள்ள அங்கத்தினர்களுக்கு இதில் வியப்பிருக்காது. ரசீது இல்லாத செலவு ஒரு முறை பேரேட்டில் ஏறிவிட்டால் பிறகு அது தானாகவே உண்மையாகிவிடுகிறது. மிதமான உபயோகத்தால் மனத்துக்குக் கேடில்லை என்றும், மிதமிஞ்சிய உபயோகம், குறிப்பாகப் பலவீனமான மன அமைப்பு உடையவர்களுக்கு, பைத்தியத்தை உண்டாக்கக்கூடும் என்றும் கமிஷன் முடிவு கூறியது. முற்றிலும் தடை செய்வதைவிட வரி விதித்துக் கட்டுப்படுத்துவதே தக்கது என்பது அதன் சிபாரிசு.

அந்த சிபாரிசின் வழியில் நடந்ததில் ஒரு கூட்டுறவுச் செய்தியும் உண்டு. லைசென்சுடன் கஞ்சா பயிரிடப்பட்ட இடங்களில் முக்கியமானது வங்காளத்தின் நவகாவ் பகுதி. இப்போது பங்களாதேஷில் இருக்கிறது. அங்குள்ள சாகுபடியாளர்கள் 1917-ல் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கமே அமைத்துக்கொண்டார்கள். சங்கத்தின் லாபத்திலிருந்து பள்ளிக்கூடங்களுக்கும் வைத்திய நிலையங்களுக்கும் பாதைகளுக்கும் பணம் சென்றது. 1987-ல் பங்களாதேஷ் சர்க்கார் சாகுபடியை நிறுத்தியது. அப்பகுதி வயல்களில் ‘கஞ்சா வைத்தியர்’ என்று ஆங்கிலேயர் குறிப்பிட்ட ஒரு நிபுணர் வரிசை வரிசையாக நடந்து, பூக்கும் முன்னரே ஆண் செடிகளை இனங்கண்டு வெட்டச் செய்வார். மகரந்தம் படாத பெண் பூவில் விதை பிடிக்காது, பிசின் பெருகும். நூற்றாண்டுக்கு முந்தைய இந்த வயல் தந்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். வீரியத்தைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருவோம்.

கமிஷனின் விசாரணை நேர்மையானது. ஆனால் ஒரு குறை இருந்தது. ஆஸ்பத்திரிக்குள் வந்து சேர்ந்தவர்களை மட்டுமே அது பின்னோக்கி விசாரித்தது. ஊரிலுள்ள வாலிபர்கள் அனைவரையும் நோய் வருமுன்னரே எழுதி வைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, யாருக்கு நோய் வந்தது என்று பார்த்தால்தான் மெய் விளங்கும். அப்படிப்பட்ட கணக்கு ஸ்வீடன் நாட்டில் கிடைத்தது. அந்நாட்டில் அப்போது ஆண்மக்கள் பட்டாளத்தில் கட்டாய சேவை செய்ய வேண்டும் என்பது சட்டம். 1969, 1970 ஆண்டுகளில் சேவைக்கு வந்த வாலிபர்களிடம், குடும்பம், படிப்பு, நடத்தை, மனநிலை ஆகியவற்றுடன் கஞ்சா உபயோகித்தது உண்டா, எத்தனை முறை என்றும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பெரும்பாலோர் 18 முதல் 20 வயதினர். பிறகு 15 ஆண்டுகள் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் இவர்களின் பெயர் தொடரப்பட்டது. ஸ்வென் ஆண்ட்ரியாசன் என்பவரும் அவருடைய சகாக்களும் 1987-ல் ‘லான்செட்’ என்னும் வைத்தியப் பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள்.

கணக்கு இதுதான். பின்தொடரப்பட்டவர்கள் 45,570 பேர். கஞ்சாவைத் தொட்டதே இல்லை என்றவர்கள் 41,280 பேர். இவர்களில் 197 பேருக்கு மனச்சிதைவு நோய் வந்தது. ஆயிரத்துக்கு ஏறக்குறைய 5 பேர். பத்து முறை வரை உபயோகித்தவர்கள் 2,836 பேர், நோயுற்றவர்கள் 18. ஆயிரத்துக்கு 6. பதினொன்று முதல் ஐம்பது முறை வரை என்றவர்கள் 702 பேர், நோயுற்றவர்கள் 10. ஆயிரத்துக்கு 14. ஐம்பது முறைக்கு மேல் என்றவர்கள் 752 பேர், நோயுற்றவர்கள் 21. ஆயிரத்துக்கு 28.

இந்த எண்களை அங்கத்தினர்கள் இரண்டு முறை படிக்க வேண்டுமென்பது நமது விருப்பம். ஏனெனில், மேலே கூறிய இரண்டு ஊர்ப் பேச்சுகளையும் இவை ஒருங்கே மறுக்கின்றன. அதிகமாகப் புகைத்த 752 பேரில் 731 பேருக்கு அந்நோய் வரவில்லை. நோயுற்ற 246 பேரில் 197 பேர் கஞ்சாவைத் தொடாதவர்கள். ஆகவே தொட்டவனெல்லாம் பைத்தியம் என்பதும் தவறு. பைத்தியமெல்லாம் கஞ்சாவினால் என்பதும் தவறு. ஆனால் படிப்படியாக உயர்ந்து செல்லும் அந்த விகிதத்தைப் பாருங்கள். தொடாதவர்களைவிட மிகுதியாகத் தொட்டவர்களுக்கு நோய் ஏறக்குறைய ஆறு மடங்கு. அளவு கூடக் கூட நோயும் கூடுவது தற்செயலாக நேர்வதன்று.

உடனே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். குடும்பச் சண்டை, வறுமை, பள்ளியில் தோல்வி, ஏற்கெனவே இருந்த மனக்கலக்கம் ஆகியவையே ஒருவனைக் கஞ்சாவுக்கும் நோய்க்கும் ஒருசேரத் தள்ளியிருக்கலாமல்லவா? ஆராய்ச்சியாளர்களும் இதைக் கேட்டுக்கொண்டார்கள். அத்தகைய காரணங்களைக் கணக்கிலிருந்து கழித்தபோது ஆறு மடங்கு என்பது இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகக் குறைந்தது, மறையவில்லை. 2002-ல் ஸ்டான்லி சாமிட் என்பவரின் குழு, இதே காலத்து வாலிபர்களில் 50,087 பேரை 1996 வரை பின்தொடர்ந்து மீண்டும் கணக்கிட்டது. மற்றக் காரணங்களைக் கழித்த பிறகும், மிகுதியாக உபயோகித்தவர்களுக்கு நோய் மூன்று மடங்களவில் நின்றது. வேறு எந்தப் போதைப்பொருளையும் தொடாமல் கஞ்சாவை மட்டும் உபயோகித்தவர்களிடமும் இதே போக்கு காணப்பட்டது. நோய்க்கு உட்படக்கூடிய பிறவித் தன்மை உடையவர்கள் கஞ்சாவை நாடுவதும் அதிகம் என்று பரம்பரை ஆராய்ச்சிகள் பிற்காலத்தில் காட்டியிருக்கின்றன. எனவே பாதை ஒருவழிப் பாதையன்று. ஆனால் பிறவியை மாற்ற முடியாது. புகையை நிறுத்த முடியும்.

வயதின் பங்கு என்ன? நியூசிலாந்தில் டனீடின் நகரில் 1972, 1973 ஆண்டுகளில் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்து வருகிறார்கள். அவர்களில் 15 வயதிற்குள் கஞ்சாவைத் தொடங்கியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு, 26 வயதில் மனச்சிதைவு போன்ற கோளாறு இருந்தது. தொடங்காதவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான். அத்தனை இளவயதில் தொடங்கியவர்கள் முப்பதுக்கும் குறைவானவர்களே என்பதால் இந்த எண்ணை எடைபோட்டுத்தான் ஏற்க வேண்டும். 11 வயதிலேயே இருந்த மனக்குறிகளைக் கழித்தபோது வேறுபாடு சுருங்கவும் செய்தது. எனினும் பிஞ்சு வயதில் தொடங்குவது அதிகக் கேடு என்ற திசையையே இது காட்டுகிறது. நோயுற்றவர்களைப் பற்றிய பல ஆராய்ச்சிகளை 2011-ல் ஒன்று சேர்த்துப் பார்த்தபோது, கஞ்சாப் பழக்கம் உள்ளவர்களுக்குச் சித்தப்பிரமை சராசரி 2.7 ஆண்டுகள் முன்னதாகவே வந்திருப்பது தெரிந்தது. 19 வயதில் வரும் நோய்க்கும் 22 வயதில் வரும் நோய்க்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். அந்த மூன்று ஆண்டுகளில்தான் ஒருவன் படிப்பை முடிக்கிறான், தொழிலைக் கற்றுக்கொள்கிறான், தன் காலில் நிற்கப் பழகுகிறான்.

இது ஏன் நிகழ்கிறது? கஞ்சாவைக் கொண்டு சித்தப்பிரமையை அறிய முடியும் என்று முதலில் எழுதியவர் பிரெஞ்சு வைத்தியரான மொரோ. தாமே அதை உட்கொண்டு, தமக்கு நேர்ந்ததை 1845-ல் நூலாக எழுதினார். செயலாற்றும் பொருளைப் பிரித்தறிந்தது 1964-ல்தான். இஸ்ரேலில் ரஃபேல் மெக்கோலம், யெகியேல் கவோனி என்ற இரு விஞ்ஞானிகள் அதைச் செய்தார்கள். டெட்ராஹைட்ரோகன்னபினால் என்ற நீண்ட பெயரைச் சுருக்கி டி.எச்.சி. என்பார்கள். மூளையில் இந்தப் பொருள் சென்று பொருந்துவதற்கான பூட்டுகள் போன்ற அமைப்புகள் இருப்பது 1988-ல் வெளிப்பட்டது. செடியின் சத்துக்கு மூளையில் பூட்டு எதற்கு? உடலே அதற்கென ஒரு சாவியைத் தயாரிக்கிறது என்பது 1992-ல் தெரியவந்தது. ஜெருசலேமில் அதைக் கண்டுபிடித்தவர்கள், ‘ஆனந்தம்’ என்னும் நமது நாட்டுச் சொல்லைக் கொண்டு அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள்.

இந்த இயற்கைச் சாவி வேண்டிய இடத்தில், வேண்டிய கணத்தில், சிறிதளவே உண்டாகி உடனே அழிந்துவிடும். மூளையின் நரம்புகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளை மட்டுப்படுத்துவது அதன் வேலை. மடை திறப்பவன் பயிரின் தேவை பார்த்துத் திறந்து மூடுவது போன்றது அது. டி.எச்.சி.யோ எல்லா மடைகளையும் ஒரே நேரத்தில், மணிக்கணக்கில் பிடித்துக்கொள்கிறது. எது கவனிக்கத் தக்கது, எது தள்ளத் தக்கது என்று தரம் பிரிக்கும் டோபமின் முதலிய சுரப்புகளின் ஒழுங்கு இதனால் கெடுகிறது. தெருவில் யாரோ சிரித்தது தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றத் தொடங்குவது இங்கேதான். அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் நடந்து 2004-ல் வெளியான ஒரு பரிசோதனையில், மனநோய் எதுவுமில்லாத ஆரோக்கியமானவர்களுக்கு டி.எச்.சி.யை ஊசி மூலம் செலுத்தினார்கள். சந்தேகம், தொடர்பற்ற எண்ணம், புலன் மயக்கம் ஆகியவை தோன்றி, சில மணி நேரத்தில் நீங்கின. தற்காலிகச் சித்தப்பிரமையை இப்பொருள் நேரடியாகவே உண்டாக்கும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. மனித மூளையின் முன்பகுதி, நிதானத்துக்கும் முன்யோசனைக்கும் இருப்பிடமானது, 25 வயதை ஒட்டித்தான் முற்றுகிறது. நெய்து முடிந்த சேலையில் விழும் கறை வேறு; பாவு ஓடும்போதே இழை அறுவது வேறு.

இனி வீரியத்துக்கு வருவோம். நவகாவ் வைத்தியர் வயலில் நடந்து செய்ததை, இன்று மேல்நாடுகளில் மூடிய அறைகளில், செயற்கை ஒளியில், பொறுக்கியெடுத்த வகைகளைக் கொண்டு செய்கிறார்கள். அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் 1995-ல் நூற்றுக்கு 4 பங்களவில் இருந்த டி.எச்.சி., 2014-ல் 12 பங்களவுக்கு ஏறிவிட்டது. இதன் விளைவை லண்டனைச் சேர்ந்த மார்த்தா டி ஃபோர்ட்டியும் சகாக்களும் 2019-ல் வெளியிட்டார்கள். ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 11 இடங்களில், முதன்முறையாகச் சித்தப்பிரமைக்கு உள்ளான 901 பேரையும், அதே ஊர்களில் வசிக்கும் நோயற்ற 1,237 பேரையும் ஒப்பிட்டார்கள். தினந்தோறும் உபயோகித்தவர்களிடம் நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு, தொடாதவர்களைப்போல் 3.2 மடங்கு. தினந்தோறும், அதுவும் நூற்றுக்குப் பத்துப் பங்கும் அதற்கு மேலும் டி.எச்.சி. உள்ள வகையை உபயோகித்தவர்களிடம் 4.8 மடங்கு. அத்தகைய வீரியச் சரக்கு கிடைக்காதிருந்தால், லண்டனில் புதிதாகத் தோன்றும் சித்தப்பிரமையில் பத்தில் மூன்று பங்கும், ஆம்ஸ்டர்டாமில் பாதியும் நேராதிருக்கும் என்று கணித்தார்கள். சாமியார்களைப் பற்றிய பேச்சுக்கு விடை இதில் இருக்கிறது. முதிர்ந்த வயதில் எப்போதோ புகைக்கும் ஒருவரின் அனுபவம், பதினாறு வயதில் நாள்தோறும் வீரியச் சரக்கைப் புகைப்பவனுக்கு அளவுகோலாகாது. நமது தெருமுனையில் கைமாறும் பொட்டலத்தில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதை விற்பவனும் அறியான், வாங்குபவனும் அறியான். 2019-ல் வெளியான அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ளவர்களில் சுமார் ஒரு கோடியே முப்பது லட்சம் பேர் ஓராண்டுக்குள் கஞ்சாவோ சரஸோ உபயோகித்தவர்கள்.

தாய், தந்தை, உடன்பிறந்தார் ஆகியோரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருந்தால், அப்பிள்ளைக்கு வாழ்நாளில் அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. அப்படிப்பட்ட குடும்பங்களில் இவ்விஷயத்தைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. “உன் பெரியப்பாவுக்கு இப்படி ஒரு நோய் இருந்தது, அதனால் உனக்கு இது மற்றவர்களுக்குப்போல் அல்ல” என்று பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே கூறினால், அவன் காரணம் அறிந்து விலகியிருப்பான். கல்யாணப் பேச்சுக்குக் குறைவு வருமென்று மறைக்கிறார்கள். நமக்கு அது தெரியாததன்று. ஆனால் அந்த மறைவுக்குப் பிள்ளை கொடுக்கும் விலை அதிகம்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் சுட்டிக்காட்ட வேண்டும். புகைத்தான், உளறினான், இரண்டு நாளில் தெளிந்துவிட்டான், இனிக் கவலையில்லை என்று குடும்பத்தார் நிம்மதியடைந்து விடுகிறார்கள். டென்மார்க்கில் போதைப் பொருள்களால் சித்தப்பிரமை நேர்ந்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆராய்ச்சி 2018-ல் வெளிவந்தது. கஞ்சாவினால் அவ்வாறு நேர்ந்து ஆஸ்பத்திரி வரை வந்தவர்களில் நூற்றுக்கு 47 பேருக்குப் பின்னர் மனச்சிதைவு நோயோ, அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோயோ ஏற்பட்டது. எனவே தெளிந்துவிட்டவனையும் சில ஆண்டுகள் டாக்டரின் பார்வையில் வைத்திருப்பது அவசியம். மறுபுறம், முதல் தாக்குதலுக்குப் பின் கஞ்சாவை விட்டுவிட்டவர்களுக்கு நோய் திரும்புவது, விடாதவர்களைவிடக் குறைவாக இருக்கிறது. நோய் வந்த பின்பு விட்டு என்ன பயன் என்று சோர்ந்துபோகும் தந்தையருக்கு இதைச் சொல்கிறோம்.

வீட்டில் எதைக் கவனிப்பது? குரல் கேட்பதற்கும் சதி காண்பதற்கும் மாதக்கணக்கில் முன்னரே சிறு மாறுதல்கள் தொடங்கிவிடும். இரவில் உறங்கான். நண்பர்களை விட்டு ஒதுங்குவான். குளிப்பதையும் உடுப்பதையும் பொருட்படுத்தான். பழகிய வேலையில் தவறுகள் பெருகும். தொலைக்காட்சியில் பேசுவது தன்னைப் பற்றியே என்பான். வீட்டார் தரும் உணவைச் சந்தேகிப்பான். இவற்றில் ஒன்றிரண்டு எந்த வாலிபனிடமும் காணக்கூடியவை. பல சேர்ந்து, வாரக்கணக்கில் நீடித்தால் அது சோம்பலும் அன்று, திமிரும் அன்று. அடிப்பதும், கட்டிவைப்பதும், ‘கஞ்சாக்காரன்’ என்று தெருவறியத் தூற்றுவதும் நோயைத் தணிப்பதில்லை. கோவிலுக்கு அழைத்துச் செல்வதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அதற்காக டாக்டரிடம் செல்வதை ஒரு மண்டலம் தள்ளிப்போடுவது கேடாகும். மருந்தின்றிக் கழியும் காலம் நீள நீள, பிறகு தேறுவது கடினமாகிறது என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட உண்மை. தக்க மருந்து கொடுத்தால் குரல்களும் சந்தேகங்களும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிகின்றன. தணிந்தவுடன் வீட்டாரே மருந்தை நிறுத்திவிடுவதுதான் நோய் திரும்புவதற்கு அடிக்கடி காரணமாகிறது.

குடும்பத்தார் ஆஸ்பத்திரிக்குச் செல்லத் தயங்குவதற்குப் போலீஸ் பயமும் ஒரு காரணம். டாக்டரிடம் கஞ்சா என்று சொன்னால் வழக்கு வந்துவிடுமோ என்று அஞ்சி, அதை மட்டும் மறைத்து மற்றவற்றைக் கூறுகிறார்கள். டாக்டருக்குப் பாதி விவரமே கிடைக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டப்படி கஞ்சா பயிரிடுவதும், வைத்திருப்பதும், விற்பதும், உபயோகிப்பதும் குற்றங்களே. ஆனால் அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட, பழக்கத்துக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையை முடிக்காமல் விட்டால் அந்த விலக்கு நீக்கப்படலாம். மேலும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளி தம் நோயைப் பற்றிக் கூறியதை டாக்டர் இரகசியமாகக் காக்க வேண்டும் என்று விதிக்கிறது. ஆகவே எப்போது தொடங்கினான், வாரத்தில் எத்தனை முறை, கடைசியாக எப்போது என்பனவற்றை ஒளிக்காமல் டாக்டரிடம் கூறலாம்.

மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. உடனே செல்ல இயலாதவர்கள், அல்லது செல்ல வேண்டிய நோய்தானா என்று ஐயமுள்ளவர்கள், 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். 2022-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய இந்த மனநல உதவிக்குக் கட்டணம் கிடையாது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நோயுற்றவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. தாயோ, தந்தையோ, அண்ணனோ பேசினாலும் வழி கூறுவார்கள்.